எந்தக் கால்?

ஆட்டம் முடிந்துவிட்டது என்றுதான் சிற்றம்பலம் நினைத்தார். மைதானத்தில் நின்ற முந்நூறு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். யாகோப்பு மேளத்தைத் தரையில் போட்டுவிட்டுக் கம்பிவேலியில் பாதி ஏறியிருந்தார். ஆந்தைகள் அணிப் பையன்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். எழுபது வயதுக் கெஸ்லர், ரசிகர் மன்றத்துத் தலைவர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆறுக்கு ஐந்து. ஜெர்மனியக் கல்லூரிகளின் பேஸ்பால் கிண்ணம் முதன்முறையாக அவர்களுக்கு.

சிற்றம்பலம் ஆந்தைகள் அணிக் கல்லூரியின் உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரத் தூரம். ஒன்பது வருடங்களுக்கு முன் பயிற்சியில் இருந்த பையன் ஒருவன் அடித்த பந்து சமையலறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உருளைக்கிழங்குக் கூடைக்குள் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வந்த ஏழு பேருக்கும் அவர் சாப்பாடு கொடுத்து அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விளையாடுவதைப் பார்க்கப் போனார். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்த யாகோப்பையும் கூட்டிக்கொண்டு போனார். யாகோப்பு மேளத்தோடு வந்தார். பிறகு யாகோப்பின் மகன் பிருந்தன் அதே கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்து, பதினான்காம் இலக்கச் சட்டையும் போட்டுக்கொண்டான்.

சிற்றம்பலத்தின் மகள் நிருஷாவும் அந்த மைதானத்து வேலியோரம் வளர்ந்தவள்தான். அவளுக்கு விளையாடுவதில் விருப்பமில்லை. பதினாறு வயதில் நடுவர் பயிற்சிக்குப் போய் உரிமம் எடுத்தாள். இப்போது ஹாலே நகரில் மருந்தியல் இரண்டாம் வருடம். இந்த இறுதிப் போட்டியைப் பார்ப்பதற்கென்றே வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள்.

பார்க்க வந்தவளை மைதானத்துக்குள் இறக்கியது ஒரு கார். ஓடுகிறவர்கள் மிதிக்கும் பேஸ் என்ற வெள்ளைச் சதுரங்களின் பக்கம் நிற்க வேண்டிய நடுவரின் கார் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றுவிட்டது. இரண்டு கல்லூரிகளிலும் படிக்காத, உரிமமுள்ள ஒருவர் உடனடியாகத் தேவை. ஒழுங்கமைப்பாளர் நிருஷாவிடம் கேட்டார். அவள் முதலில் மறுத்தாள். தன் தகப்பன் ஆந்தைகளின் ரசிகர் என்பதைச் சொன்னாள். எதிரணியான நரிகளின் பயிற்சியாளர் அவளை மூன்று வருடமாக அறிந்தவர். "அதனால் என்ன, இவள் நின்றால் எனக்குச் சம்மதம்" என்றார்.

"பாத்தீரோ யாகோப்பு, என்ர பிள்ளை நிக்கிறாள்" என்று சிற்றம்பலம் காலையிலிருந்து பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

"ஓம் அண்ணை. ஓடுறது என்ர பிள்ளை, நிக்கிறது உங்கட பிள்ளை. இண்டைக்கு முழுக்க எங்கட ஆக்கள்தான்" என்று யாகோப்பு மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

கடைசிச் சுற்று வந்தபோது ஆந்தைகள் நாலுக்கு ஐந்து என்று ஓர் ஓட்டம் பின்னால் நின்றார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. இரண்டாவது பேஸில் பிருந்தன் நின்றான். முதலாவது பேஸில் இன்னொருவன். அடிக்க வந்த பையன் மூன்றாவது பந்தை ஓங்கி அடித்தான். பந்து வலதுபக்க மூலைக்குப் பறந்து, வேலியில் மோதி, புல்லுக்குள் உருண்டது. பேஸ்களில் நின்ற இரண்டு பேரும் ஓட்டம் முடியும் இடமான ஹோமுக்கு ஓடி வந்துவிட்டார்கள். இரண்டு ஓட்டங்கள். ஆறுக்கு ஐந்து.

நரிகள் அணியினர் மட்டும் மைதானத்தைவிட்டுப் போகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது பேஸில் நின்ற அவர்களது உயரமான பையன் கையை நீட்டிப் பந்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பந்து அவனிடம் வந்தது. அவன் பேஸின்மேல் காலை வைத்துக்கொண்டு நிருஷாவைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான்.

நிருஷா வலக்கையை முட்டியாக மடித்து உயர்த்தினாள்.

அவுட்.

பேஸ்பாலில் ஓடுகிறவன் ஒவ்வொரு பேஸையும் காலால் தொட்டுத்தான் ஓட வேண்டும். ஒன்றைத் தொடாமல் ஓடினால், எதிரணி முறையிட்டால், அவன் அவுட். பிருந்தன் மூன்றாவது பேஸை மிதிக்கவில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். நிருஷா ஆமென்றாள். அது மூன்றாவது அவுட். ஆகவே பிருந்தனின் ஓட்டமும் இல்லை, அவனுக்குப் பின்னால் வந்தவனின் ஓட்டமும் இல்லை. நாலுக்கு ஐந்து. கிண்ணம் நரிகளுக்கு.

குவியலாகக் கிடந்த பையன்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாகோப்பு வேலியிலேயே தொங்கிக்கொண்டு, "என்னவாம்? என்னவாம் அண்ணை?" என்று கேட்டார்.  ஹோமில் நின்ற மூத்த நடுவர் நிருஷாவிடம் நடந்து போனார். இருவரும் ஒரு நிமிடம் கதைத்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தானும் கையை உயர்த்தினார்.

அப்போதுதான் சத்தம் கிளம்பியது. அது மனிதர் போட்ட சத்தம் மாதிரி இருக்கவில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்துபோய் நிருஷாவின் தோளில் பட்டது. அதன்பின் நடந்த சில நிமிடங்கள் சிற்றம்பலத்துக்குச் சரியாக ஞாபகமில்லை. வேலிக் கம்பியைப் பிடித்திருந்த தன் இரு கைகள் மட்டும் ஞாபகமிருந்தன. நிதானம் வந்தபோது ஒழுங்கமைப்பாளர்கள் இருவர் நிருஷாவை நடுவில் விட்டுக் கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிருந்தன் ஹோமுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

சிற்றம்பலத்தின் மனைவி கமலநாயகி வெற்றி விருந்துக்கென்று நூற்றைம்பது மரக்கறி ரோல்ஸ் பொரித்து, மூன்று பெட்டிகளில் அடுக்கி, கார் டிக்கியில் வைத்திருந்தாள். பெட்டிகளைத் திறக்காமலே கொண்டுபோனார்கள். வீடு போகும்வரை காருக்குள் ரோல்ஸ் மணந்தது. 

வீட்டில் நிருஷா குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து மேசையில் இருந்தாள். தோளில் சிவந்திருந்த இடத்துக்குக் கமலநாயகி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். சிற்றம்பலம் எதிரே நின்றார்.

"பிள்ளை, உண்மையா அவன் மிதிக்கேல்லையோ?"

"இல்லை அப்பா. பேஸுக்கு உள்பக்கம் காலை வைச்சவன். ஒரு சாண் விட்டு."

"நீ வடிவாக் கண்டனியோ?"

நிருஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் பந்தைப் பாத்தீங்கள். காலைப் பாக்கத்தான் என்னை அங்க நிப்பாட்டினவை."

"இல்லை, சிலவேளை..."

"அப்பா, கண்டதைத்தான் சொன்னன்."

"அவன்ர வாழ்க்கையில இனி இப்பிடி ஒரு மட்ச் வராது, பிள்ளை. அதுதான் கேக்கிறன். நூறு வீதமும் தெரியுமோ?"

அவள் ஐஸ் துணியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த நாள் போவதாக இருந்தவள், ஆறு மணி ரயிலிலேயே ஹாலேக்குப் புறப்பட்டாள். நிலையத்துக்குக் கமலநாயகிதான் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும், "பிள்ளை கண்டனெண்டு சொல்லுறாள். பிறகும் பிறகும் கேட்டா அவள் என்ன செய்யிறது?" என்றாள்.

சிற்றம்பலம் கண்ணை மூடினால் பிருந்தன் ஓடினான். இரண்டாவது பேஸிலிருந்து கிளம்பி, தலையைச் சாய்த்து, மூன்றாவது பேஸைச் சுற்றி வளைந்து ஓடினான். முதல் தரம் ஓடியபோது கால் தெரியவில்லை. இருபதாவது தரம் ஓடியபோது தெரிந்தது. செம்மண் படிந்த சப்பாத்து அந்த வெள்ளைச் சதுரத்தை அமுக்கிவிட்டு எழுந்தது. அந்தச் சதுரம் கொஞ்சம் பதிந்ததுகூடத் தெரிந்தது. அவர் எப்போதும் நிற்கும் இடம் மூன்றாவது பேஸுக்கு நேரே, வேலியோரம். பத்து மீற்றர்கூட இராது. தான் கண்டுதான் இருக்கிறேன் என்று அவருக்குப் பட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆந்தைகள் அணி முழுவதும் உணவகத்தில் ஒரே மேசையில் வந்து இருந்தது. அவர்களுக்கு விருப்பமான கோழிக்கறியும் சோறும் அன்று பட்டியலில் இல்லாதபோதும் சிற்றம்பலம் சமைத்து வைத்திருந்தார். ஒருவனும் தட்டைத் தொடவில்லை. அணித்தலைவன் முள்ளுக்கரண்டியைக் குத்திட்டுப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிருந்தன் வரவில்லை.

இரண்டு மணிக்குக் கெஸ்லர் ஒரு கோப்போடு சமையலறைக்கே வந்தார். பின்னால் யாகோப்பு. கண்கள் வீங்கியிருந்தன.

"பேஸ்பால் சம்மேளனத்துக்கு முறைப்பாடு அனுப்புகிறோம்" என்றார் கெஸ்லர் ஜெர்மன் மொழியில். "ஆட்டத்தை எடுத்த வீடியோ ஒன்றுதான் இருக்கிறது. அதில் கமராக்காரர் பந்துக்குப் பின்னால் போய்விட்டார். ஓடினவன் அதில் இல்லை. அதனால் சாட்சிகள்தான் வேண்டும். இருபத்தாறு பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஆனால் எல்லாரையும்விடக் கிட்ட நின்றவர் நீங்கள்."

சிற்றம்பலம் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். ஒரே வாசகம் அச்சடித்த தாள். கீழே பெயரும் கையெழுத்தும் மட்டும் போட வேண்டும். எழுத்துகள் கண்முன்னே அலைந்தன. 'என் கண்ணால் தெளிவாகக் கண்டேன்' என்பது மட்டும் பிடிபட்டது.

"உங்கட பிள்ளையில எனக்குக் கோவமில்லை, அண்ணை" என்றார் யாகோப்பு. "பெடிச்சி பிழை விட்டிட்டாள். மனுஷர் எல்லாரும் விடுறதுதானே. ஆனா என்ர பெடியன் நேற்றையில இருந்து அறைக் கதவு திறக்கேல்லை. தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை. நீங்கள் அதில நிண்டனீங்கள்தானே? கண்டனீங்கள்தானே?"

"ஓம்" என்றார் சிற்றம்பலம். அந்த நேரம் அது பொய் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. வெள்ளைச் சதுரம் பதிந்து எழுந்ததை அப்போதும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேனையை வாங்கிக் கையெழுத்திட்டார். யாகோப்பு அவர் தோளைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

கமலநாயகிக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

முறைப்பாடு வந்தால் அதன் நகல் நடுவர்களுக்கும் போகும் என்பது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்குள் காலடி வைத்தபோது தொலைபேசி அடித்தது.

"அப்பா" என்றாள் நிருஷா.  "எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. இருபத்தேழு பேர் கையெழுத்து வைச்சிருக்கினம். கடைசியில இருக்கிறது உங்கட கையெழுத்தோ?"

சிற்றம்பலம் சப்பாத்தைக் கழற்றாமலே நடையில் நின்றார். "ஓம்" என்றார்.



"நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டன், பிள்ளை. நான் அதிலதானே நிண்டனான். உன்னைப் பிழை சொல்ல எண்டு இல்லை. கண்டதைத்தான்..."

"எந்தக் கால் அப்பா?"

"என்ன?"

"எந்தக் காலால மிதிச்சவன்?"

அவர் கண்ணை மூடினார். பிருந்தன் வளைந்து ஓடி வந்தான். சப்பாத்து வெள்ளைச் சதுரத்தில் இறங்கியது. "வலது" என்றார். "வலது கால்."

"நீங்கள் கையெழுத்து வைச்ச கடிதத்தில இடது கால் எண்டு இருக்கு."

தொலைபேசி வைக்கப்பட்டது. சிற்றம்பலம் சப்பாத்து வைக்கும் சிறிய பலகையில் அப்படியே இருந்தார். கமலநாயகி குளியலறையிலிருந்து வந்து, "ஆர் எடுத்தது? ஏன் இதில இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சத்தம் போடவில்லை. முகத்தை வேறு யாரோ ஒருவரைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டு, "உங்கட பிள்ளைக்கு எதிராவோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு அவர் அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். இடது காலை வைத்துப் பார்த்தார். இடது காலும் அதே மாதிரித் தெளிவாக வெள்ளைச் சதுரத்தில் இறங்கியது. அதே செம்மண். அதே பதிவு. 

சனிக்கிழமை காலை யாகோப்பு வீட்டுக்குப் போனார். யாகோப்பு பல்கனியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாகோப்பு, ஒண்டு கேக்கிறன். நீர் உண்மையாக் கண்டனீரோ?"

"இதென்ன கேள்வி அண்ணை? வடிவாக் கண்டனான்."

"எந்தக் கால்?"

யாகோப்பு சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "வலது" என்றார்.

"கடிதத்தில இடது எண்டிருக்கு."

"அப்ப இடது. என்ன இப்ப?"

"நீர் ஹோமுக்குப் பின்னால மேளத்தோட நிண்டனீர். பந்து வலது மூலைக்குப் போகேக்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினம். நானும் திரும்பினனான். இப்ப யோசிச்சா, பந்து வேலியில அடிபட்டு உருண்டது எனக்கு ஞாபகமிருக்கு. அந்தப் பந்து மஞ்சள் விளம்பரப் பலகைக்குக் கீழ போனதுகூட ஞாபகமிருக்கு. அதைப் பாத்துக்கொண்டிருந்த ஆள் எப்பிடி அதே நேரத்தில காலைப் பாத்திருப்பன்?"

யாகோப்பின் முகம் கறுத்தது. "உங்களுக்கு மகள் பெரிசு. எனக்கு மகன் பெரிசு. அதைச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

"நான் என்ர கையெழுத்தைத் திருப்பி எடுக்கப்போறன்."

"எடுத்தியளெண்டா, அண்ணை, இந்த வீட்டுப் படியை மிதிக்காதேங்கோ."

சிற்றம்பலம் படியிறங்கினார். இரண்டாம் மாடி வளைவில் பின்னால் காலடி கேட்டது. பிருந்தன். ஆறு நாளாகச் சவரம் செய்யாத முகம். வெறுங்காலோடு இறங்கி வந்திருந்தான்.

"மாமா, கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றான். "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

சிற்றம்பலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லு தம்பி. மிதிச்சனியோ?"

"தெரியாது மாமா."  "நானும் பந்தைத்தான் பாத்தனான். பாக்கக் கூடாது, பேஸைப் பார் எண்டு கோச் நூறு தரம் சொல்லியிருக்கிறார். திரும்பிப் பாத்திட்டன். காலுக்குக் கீழ ஏதோ பட்ட மாதிரியும் இருந்தது, படாத மாதிரியும் இருந்தது. அப்பாட்டச் சொன்னன். அவர், 'நீ மிதிச்சனி, நான் கண்டனான்' எண்டு எனக்கே சொல்லுறார்."

இருவரும் மாடிப்படியில் நின்றார்கள். கீழ்வீட்டுக் கிழவி குப்பைப் பையோடு கதவைத் திறந்து, இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள்.

"நிருஷாவுக்கு அடிபட்டதோ?" என்று பிருந்தன் கேட்டான்.

"தோளில. இப்ப சுகம்."

"சொல்லுங்கோ அவளுக்கு" என்றான். என்ன சொல்லச் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பி மேலே ஏறிப் போனான்.

சிற்றம்பலம் நேரே கெஸ்லர் வீட்டு மணியை அடித்தார். கெஸ்லர் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார். தன் சாட்சியைத் திரும்பப் பெறுவதாகவும், தான் பந்தைத்தான் பார்த்ததாகவும் சிற்றம்பலம் சொன்னார். கெஸ்லர் மண்கையோடு நிமிர்ந்தார்.

"உங்கள் மகளுக்காகவா?"

"இல்லை. நான் காணவில்லை. அதற்காக." பிறகு கேட்டார்: "நீங்கள் இடது கால் என்று எழுதினீர்களே, நீங்கள் கண்டீர்களா?"

கெஸ்லர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.  ஒன்பது வருடமாகத் தெரிந்த அந்த மனிதரின் முகத்தில் ஒரு பயத்தைச் சிற்றம்பலம் அன்றுதான் பார்த்தார். "யாரோ ஒருவர் இடது என்று சொன்னார்" என்றார் கெஸ்லர் கடைசியில். "சாட்சிக் கடிதத்தில் விவரம் இருந்தால் நல்லது என்று எழுதினேன்."

திங்களன்று சிற்றம்பலம் கையால் ஒரு பக்கம் எழுதி, பதிவுத் தபாலில் சம்மேளனத்துக்கு அனுப்பினார். ஜெர்மன் மொழியில் பிழைகள் இருந்தன. கமலநாயகி வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினாள். 

இரண்டு கிழமை கழித்து முடிவு வந்தது. நடுவர் கண்ணால் கண்டு கொடுத்த தீர்ப்பைச் சாட்சிகளால் மாற்ற முடியாது என்று மூன்று வரியில் எழுதியிருந்தார்கள். முறைப்பாட்டை அவர்கள் விசாரிக்கவே இல்லை. இருபத்தேழு கையெழுத்துகளையும் எவரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கடிதத்தைக் கெஸ்லர் உணவகத்து அறிவித்தல் பலகையில் குத்தினார். கூடி நின்று வாசித்த ரசிகர்கள் சிலர் சத்தம் போட்டார்கள். சிலர் வாசித்துவிட்டுச் சும்மா நின்றார்கள். சிற்றம்பலம் கறிச்சட்டியோடு அந்தப் பக்கம் வந்தபோது வழிவிட்டார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை.

யாகோப்பு அவரோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே சமையலறையில் எட்டு மணித்தியாலம். தேவையான பாத்திரத்தை யாகோப்பு கழுவி, அவர் மேசையில் ஓசையெழ வைத்துவிட்டுப் போவார். ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், "பெரிய சட்டிக்கு அடி பிடிச்சிருக்கு, ஊறப் போட்டிருக்கிறன்" என்றார். அவ்வளவுதான். அன்று சிற்றம்பலம் வீட்டுக்குப் போய், "யாகோப்பு கதைச்சவர்" என்று கமலநாயகியிடம் சொன்னார். பிருந்தன் செப்டெம்பரில் மறுபடி பயிற்சிக்குப் போகப்போவதாக அவள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள்.

நிருஷா வீட்டுக்கு வரவில்லை. விடுமுறைக்கு மருந்துக்கடை ஒன்றில் வேலை எடுத்திருப்பதாகத் தாயிடம் சொன்னாள். தகப்பனோடு தொலைபேசியில் 'சாப்பிட்டீங்களோ' என்பதோடு முடித்துக்கொண்டாள். ஓகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை சிற்றம்பலம் தனியே ரயிலேறினார். நாலு மணித்தியாலப் பயணம். அவள் ஹாலே நிலையத்தில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். இருவரும் ட்ராம் பாதையைக் கடந்து ஒரு பேக்கரிக்குள் போய் ஜன்னலோரம் இருந்தார்கள்.

"பிழை விட்டிட்டன், பிள்ளை" என்றார். ரயிலில் நாலு மணித்தியாலமாக யோசித்து வைத்திருந்தது வேறு நிறைய. அதொன்றும் வரவில்லை.

நிருஷா கோப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். "எனக்குப் பிழை வந்திருக்கலாமோ எண்டு நீங்கள் கேக்கலாம் அப்பா. நூறு தரமும் கேக்கலாம். எனக்குக் கோவம் வரும், ஆனா கேக்கலாம். காணாததைக் கண்டன் எண்டு எழுத ஏலாது."

"ஓம்."

"அதைவிட எனக்கு நொந்தது வேற."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போத்தில் பட்டதும் நான் உங்களைத்தான் திரும்பிப் பாத்தனான். நீங்கள் வேலியைப் பிடிச்சுக்கொண்டு கத்தினீங்கள். ஞாபகம் இருக்கோ?"

"நானோ? இல்லையே. நான் கத்தேல்லை."

"'கள்ளி' எண்டு கத்தினீங்கள். மூண்டு தரம். அங்க நிண்ட ஜெர்மன்காரருக்கு அது விளங்கேல்லை. எனக்கு விளங்கினது."

தெருவில் ஒரு ட்ராம் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிற்றம்பலம் மேசை விளிம்பைப் பிடித்தார். நடக்காத ஒரு காலடியைச் செம்மண்ணோடும் பதிவோடும் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, தன் வாயிலிருந்து வந்த சொல் கொஞ்சமும் தெரியவில்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. வேலியும் இரு கைகளும் மட்டும்தான். ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தபோது அது நடந்ததுதான் என்று தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. பேக்கரிக்காரி பார்க்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை.

நிருஷா கடதாசிக் கைக்குட்டை ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். அவரைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவர் முகம் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எத்தினை மணிக்கு ரயில்?" என்று கேட்டாள்.

"அஞ்சரைக்கு."

"நேரம் இருக்கு. என்ர அறையை நீங்கள் இன்னும் பாக்கேல்லை. மூண்டு மாடி ஏற வேணும், முழங்கால் தாங்குமோ?"

"தாங்கும்" என்றார் சிற்றம்பலம்.

கமலநாயகி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையை அவளே தூக்கிக்கொண்டாள். இருவரும் ட்ராமுக்கு நடந்தார்கள்.